வரப்பில் தொடங்கும் முடிவு

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் பெங்களூருவின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் கிருஷி மேளாவை நடத்துகிறது. நகரவாசிகளுக்கு அது ஒரு திருவிழா. கோலார், சிக்கபள்ளாப்பூர், தும்கூர், ராமநகரம் பகுதிகளிலிருந்து வருவோருக்கு அது ஒரு சந்தை. பவர் டில்லர் விற்கும் கடையின் முன் நிற்பவர் விலையைக் கேட்கிறார், மானியம் உண்டா என்று கேட்கிறார், நகர்ந்துவிடுகிறார். மரக்கன்று விற்கும் கடையின் முன் நிற்பவரோ அத்தனை விரைவில் நகர்வதில்லை. எத்தனை வருஷத்தில் வெட்டலாம், யார் வாங்குவார்கள், வெட்ட அனுமதி வேண்டுமா, பக்கத்துப் பயிர் நிழலில் சாகாதா எனக் கேள்விகள் நீள்கின்றன. பல வேளைகளில் ஒரு கன்றுகூட வாங்காமல் திரும்புகிறார். அடுத்த ஆண்டு அதே கேள்விகளோடு மீண்டும் வருகிறார்.

இந்தத் தயக்கத்தை அறியாமை என்று கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மரத்தை நம்பி நிலத்தை ஒப்படைப்பது என்பது பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கான முதலீடு. அதற்குக் கையொப்பமிடும் முன் நான்கு முறை யோசிப்பவரை எந்த வங்கி மேலாளரும் குறை கூறமாட்டார்.

நம் வாசகர்களில் பலர் பெங்களூருவில் பணிபுரிந்துகொண்டே கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரம்பரை நிலத்தை வைத்திருப்பவர்கள். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, மரம் வைத்துவிடலாமா என்ற கேள்வி அவர்கள் வீடுகளிலும் எழுகிறது. ஆகவே, பயிரோடு மரத்தைச் சேர்த்து வளர்க்கும் வேளாண் காடு வளர்ப்பு முறையை விவசாயிகள் எவ்வாறு, எத்தனை ஆண்டுகளில், எதை எண்ணி ஏற்கிறார்கள் என்பதை இந்த இதழில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ராகிக் கொல்லையின் பழைய மரங்கள்

பெயர் புதியது. 1977ஆம் ஆண்டு கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக ஜான் பெனேயும் அவருடைய குழுவினரும் அளித்த அறிக்கைக்குப் பிறகே இச்சொல் உலக அரங்கில் புழக்கத்துக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக நைரோபியில் ஒரு பன்னாட்டு ஆய்வு நிறுவனமும் எழுந்தது. வழக்கமோ மிகப் பழையது. பெங்களூருவைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலங்களில் ராகிக் கொல்லையின் நடுவே புங்கமும் புளியும் பலாவும் மாவும் ஆங்காங்கே நிற்பதை ரயில் பயணத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புங்கந்தழை உரமாயிற்று, விதை எண்ணெயாயிற்று. புளி, மழை பொய்த்த ஆண்டிலும் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்தது. கன்னடத்தில் ஹொங்கே, ஹுணசே, ஹலசு என்று அழைக்கப்படும் இம்மரங்களை யாரும் திட்டம் போட்டு நட்டதாகத் தெரியவில்லை. முளைத்ததை வெட்டாமல் விட்டதே அன்றைய முடிவு.

தமிழ்நாட்டில் காங்கேயம் பகுதியின் கொரங்காடு இதே மரபைச் சேர்ந்தது. கிளுவை வேலியால் சூழப்பட்ட மேய்ச்சல் நிலம்; கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரங்கள், நடுவே காங்கேயம் மாடுகள். மழை குறைந்த அந்நிலத்தில் பயிரை மட்டும் நம்பியிருந்தால் குடும்பம் பிழைத்திருக்காது என்ற பட்டறிவில் தலைமுறை தலைமுறையாக உருவான ஏற்பாடு அது.

இன்று விவசாயியிடம் கேட்கப்படுவது வேறு. தானாக வந்த மரத்தை விட்டுவைப்பதற்குக் காசு செலவில்லை. கன்று வாங்கி, குழி எடுத்து, ஆடு கடிக்காமல் காத்து, முதல் இரு கோடைகளில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது முதலீடு. விட்டுவைத்தவரை நடுகிறவராக மாற்றுவது எது என்பதே கேள்வி.

அயோவாவின் சோளமும் நம் ஊர் மரமும்

புதிய முறைகளை விவசாயிகள் எவ்வாறு ஏற்கிறார்கள் என்ற ஆராய்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரயனும் கிராஸும் செய்து 1943இல் வெளியிட்ட ஆய்வு. கலப்பின மக்காச்சோள விதை அங்கு எவ்வாறு பரவியது என்பதை அறிய அவர்கள் 259 விவசாயிகளைச் சந்தித்தனர். 1928 முதல் 1941 வரையிலான காலத்தில் இருவரைத் தவிர அனைவரும் அந்த விதைக்கு மாறியிருந்தனர். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் பெரும்பாலும் விற்பனையாளர். ஆனால் மனத்தை மாற்றியவர் பக்கத்து நிலத்துக்காரர். பெரும்பாலோர் ஒரே ஆண்டில் முழு நிலத்தையும் மாற்றிவிடவில்லை. முதலில் ஒரு மூலையில் விதைத்தனர், விளைச்சலைக் கண்டனர், பிறகு கூட்டினர். எவரெட் ராஜர்ஸ் 1962இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் பிந்தைய பதிப்புகளில், அறிதல், மனம் இசைதல், முடிவெடுத்தல், செயற்படுத்தல், உறுதிசெய்தல் என இப்பயணத்தின் படிகள் வகுக்கப்பட்டன.

இதை நம் ஊருக்குப் பொருத்தும்போது ஓர் இடறல் ஏற்படுகிறது. சோள விதையின் பலன் நான்கைந்து மாதங்களில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிழையாகிவிட்டால் அடுத்த பருவத்தில் பழைய விதைக்குத் திரும்பலாம். மரத்தில் ஒரு சோதனையின் முடிவு தெரிவதற்குள் மகளுக்குத் திருமணமாகி, பேரனும் பள்ளிக்குப் போய்விடுவான். எனவே மரத்தைப் பொறுத்தவரை முடிவு என்பது ஒரு நாளில் எடுக்கப்படுவதில்லை. அது தவணை தவணையாக எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு தவணையிலும், தொடரலாமா, நிறுத்தலாமா, வெட்டிவிடலாமா என்ற மூன்று வழிகளும் திறந்தே இருக்கின்றன.

தேவனஹள்ளிக்கு வடக்கே 2 ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் ராகியை விட்டுவிட மாட்டார்; வீட்டுக்கு உணவும் மாட்டுக்கு வைக்கோலும் அதுதான். அவருடைய முதல் தவணை வரப்பு. நிலம் ஏறத்தாழச் சதுரமாக இருந்தால் சுற்றளவு 360 மீட்டர் வரும். 4 மீட்டருக்கு ஒன்று வீதம் நட்டால் 90 கன்றுகள். சில்வர் ஓக், அல்லது கன்னடத்தில் ஹெப்பேவு எனப்படும் மலைவேம்பு. பயிருக்குரிய நிலத்தில் ஒரு சென்ட்டையும் இழக்காமல் செய்யும் சோதனை இது. மூன்றாம் ஆண்டில் அவர் பார்ப்பது மரத்தின் உயரத்தை அன்று. மரத்தருகே ராகி எத்தனை வரிசை குன்றிப் போயிருக்கிறது என்பதைத்தான். கீழ்க்கிளைகளைக் கழித்தால் நிழல் குறைகிறது, அடுப்புக்கு விறகும் கிடைக்கிறது என்று கண்டால், நான்காம் ஆண்டில் நிலத்தின் நடுவே மாவோ பலாவோ நடத் துணிவார். ராகி குன்றியது கண்ணை உறுத்தினால் அத்தோடு நின்றுவிடுவார். இரண்டுமே கணக்குப் பார்த்து எடுத்த முடிவுகள்தாம்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கில் பங்குகொள்வோர் வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டவர். பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கிறது. விறகு பொறுக்குவதும் தழை ஒடித்து ஆட்டுக்குப் போடுவதும் பெண்கள். அவர்களைக் கேட்டால் தழையும் விறகும் தரும் மரம் முதலில் வரும். அவரைக் கேட்டால் மரவியாபாரி வாங்கும் மரம் முதலில் வரும். கன்று வழங்கும் திட்டங்கள் எந்தக் குரலைக் கேட்கின்றன என்பது நாம் சொல்லாமலே விளங்கும்.

தைலமரம் கற்பித்தது

மேலே சொன்ன படிப்படியான வழி எல்லோரும் பின்பற்றியது என்று எண்ண வேண்டாம். இதே நிலப்பகுதியில் ஒரு மரம் பாய்ச்சலாகப் பரவியதும் உண்டு.

யூகலிப்டஸ் என்னும் தைலமரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் காலத்தில் நந்தி மலைக்கு வந்ததாகக் கூறுவர். ஆனால் அது ராகிக் கொல்லைகளுக்குள் இறங்கியது 1970களிலும் 80களிலும்தான். காகிதக் கூழுக்கும் ரேயான் கூழுக்கும் தேவை எழுந்தது. உலக வங்கியின் உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கன்றுகள் தாராளமாகக் கிடைத்தன. கால்நடை அதன் இலையைத் தொடுவதில்லை. எனவே காவல் வேண்டாம். ஏழெட்டு ஆண்டுகளில் வெட்டலாம். வெட்டிய அடிக்கட்டை மீண்டும் தழைக்கும், எனவே மறுபடி நடவு வேண்டாம். நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்ட நிலக்காரருக்கு இதைவிட வசதியான பயிர் எது? கோலார் மாவட்டத்தில் ராகி விளைந்த நிலங்கள் வரிசை வரிசையாகத் தைலமரத் தோப்புகளாயின.

எதிர்ப்பும் விரைவில் எழுந்தது. 1983 ஆகஸ்டில் தும்கூர் மாவட்டத்தில் சிறு விவசாயிகள் வனத்துறை நாற்றங்காலுக்குள் புகுந்து தைலமரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கே புளி, மா விதைகளை ஊன்றினர். ராகி குறைந்தால் கூலி வேலையும் குறையும், வைக்கோலும் குறையும் என்பது அவர்களுடைய வாதம். தண்ணீரைப் பற்றிய வாதம் பின்னர் வலுப்பெற்றது. பெங்களூருவுக்குக் கிழக்கே ஹொசகோட்டேயில், இயன் கால்டரும் அவருடைய குழுவினரும் கர்நாடக வனத்துறையோடு இணைந்து நடத்திய நீரியல் ஆய்வில், ஆழமான மண்ணில் நின்ற தைலமரங்கள் பெய்த மழையைவிட மிகுதியான நீரைச் செலவிட்டது தெரியவந்தது. ஆண்டுதோறும் கீழ்நோக்கிச் செல்லும் வேர்கள், மண்ணின் ஆழத்தில் முன்பே சேமிக்கப்பட்டிருந்த ஈரத்தை எடுத்துக்கொண்டன என்பது அவர்களின் விளக்கம். வங்கி மொழியில் கூறினால், வட்டி போதாமல் அசலில் கைவைத்த கதை.

2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. இன்று அந்த நிலத்தைப் பழையபடி ராகிக்குத் திருப்ப விரும்புவோர், அடிக்கட்டைகளையும் வேர்களையும் பெயர்க்க மண் அள்ளும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். நடும்போது எவரும் கணக்கில் சேர்க்காத செலவு இது. விரைவாக எடுக்கப்பட்ட முடிவு தவறானது என்று நாம் ஒரேயடியாகத் தீர்ப்புக் கூற விரும்பவில்லை. பல குடும்பங்களுக்கு அந்தத் தோப்புதான் கல்விக் கட்டணத்தைக் கொடுத்தது. எனினும் ஒரு மூலையில் நட்டுப் பார்க்கும் தவணையை அவர்கள் தாண்டிக் குதித்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. குதிக்கத் தூண்டியதில் திட்டங்களுக்கும் பங்குண்டு.

ஒரே மரம், இரண்டு விலை

வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இனி சிறிது கணக்கு.

வரப்பில் நிற்கும் ஒரு மரம் 12 ஆண்டுகள் கழித்து 5,000 ரூபாய்க்கு விலைபோகும் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் பணம் பெறவோ போட்டுவைக்கவோ முடிகிற ஒருவருக்கு, அந்த 5,000 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 1,985 ரூபாய். கன்று, குழி, தண்ணீர், காவல் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய் செலவானாலும் அவருக்கு அது நல்ல முதலீடு. இப்போது அவருடைய பக்கத்து நிலத்துக்காரரைப் பாருங்கள். அவர் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்குத் தனியாரிடம் கடன் வாங்கியிருக்கிறார். ஆண்டுக்கு 24 சதவீதம். அதே மரம், அதே மண், அதே விலை. அவருக்கு அதன் இன்றைய மதிப்பு சுமார் 378 ரூபாய்தான். அவர் மரம் நடாமல் இருப்பதில் வியப்பேதும் இல்லை. நட்டாலும் ஐந்தாம் ஆண்டில் மருத்துவச் செலவுக்காக இளமரத்தையே வெட்டி விற்றுவிடுவார்.

வேளாண் காடு வளர்ப்பில் முன்னேறியவர்களைப் பற்றிப் பேசும்போது ஆர்வம், விழிப்புணர்வு ஆகிய சொற்கள் அடிக்கடி வருகின்றன. காத்திருக்கும் வசதி என்ற சொல் அவ்வளவாக வருவதில்லை. சம்பள வருமானம் உள்ள வீடு, பால் மாடு உள்ள வீடு, கிணற்றில் தண்ணீர் உள்ள வீடு ஆகியவை முதலில் நடுகின்றன என்றால், அவற்றால் காத்திருக்க முடிகிறது என்பதே காரணம்.

காத்திருப்பை வடிவமைப்பிலேயே சுருக்கிய முறை ஒன்று உண்டு. பைஃப் நிறுவனம் 1982இல் குஜராத்தின் வான்ஸ்தா பகுதிப் பழங்குடிக் குடும்பங்களோடு தொடங்கிய 'வாடி' என்னும் தோட்டமுறை அது. ஓர் ஏக்கர் அளவில் மா, முந்திரி போன்ற பழமரங்கள். அவற்றின் இடைவெளியில் வழக்கமான உணவுப் பயிர். எல்லையைச் சுற்றி விறகுக்கும் தடிக்கும் உரிய மரங்கள். முதல் ஆண்டு முதலே பயிரில் வருமானம், நான்கைந்து ஆண்டுகளில் பழத்தில், அதன் பின்னரே மரத்தில். நபார்டு வங்கி தனது பழங்குடியினர் மேம்பாட்டு நிதியின் வாயிலாக 2003-04 முதல் இம்முறையைப் பல மாநிலங்களுக்கு எடுத்துச் சென்றது. மரம் முதிரும்வரை வயிறு காயாமல் இருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அம்முறை மதித்தது.

வெட்டும் உரிமை யாருடையது?

பொறுமையும் பணமும் இருந்தாலும் மற்றொரு தடை குறுக்கே நிற்கும். சந்தன மரத்தின் வரலாறு அதற்குச் சான்று.

மைசூர் சந்தனத்தின் புகழை நாம் விளக்க வேண்டியதில்லை. 1792இல் திப்பு சுல்தான் அதை அரச மரமாக அறிவித்தார். அரசுகள் மாறின, விதி மாறவில்லை. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசின் சொத்து என்ற நிலை விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. மரம் அரசுக்கு, அது திருடு போனால் விசாரணை நிலக்காரருக்கு. இந்நிலையில் முளைவிட்ட சந்தனக் கன்றைக் கண்டதும் பிடுங்கி எறிந்தவர்களை நாம் குறை சொல்ல முடியுமா? 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு உரியவரே மரத்துக்கும் உரியவர் என்று அறிவித்தன. அதன் பின்னரே விவசாயிகள் சந்தனத்தை நடும் மரமாக எண்ணத் தொடங்கினர். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது.

சந்தனம் பிற செடிகளின் வேரைப் பற்றி உணவு கொள்ளும் மரம். தனியாக நட்டால் தேறாது. இளம் பருவத்தில் துவரையும், பிறகு சவுக்கு போன்ற மரங்களும் துணையாக நிற்க வேண்டும். ஆக, அது இயல்பிலேயே கூட்டுப் பயிருக்கு உரியது. ஆனால் வைரம் பாய்ந்த கட்டைக்குப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். வைரம் பாயப் பாயத் திருடரின் கண்ணும் படும். வேலி, நாய், கேமரா, காவலாள் என்று வரும் செலவு, நடும்போது போட்ட கணக்கைவிடப் பெரிதாகிவிடுவதை நட்டவர்கள் பின்னரே உணர்கிறார்கள். சட்டம் ஒரு தடையை நீக்கியது. கள்வரின் தடை அப்படியே உள்ளது.

மற்ற மரங்களிலும் சட்டத்தின் நிழல் விழுகிறது. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976இன்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவை. சவுக்கு, சில்வர் ஓக் போன்ற சில மரங்களுக்கு விலக்கு உண்டு. வரப்புகளில் எங்கு பார்த்தாலும் சில்வர் ஓக் நிற்பதற்கு அதன் வளர்ச்சி வேகம் மட்டுமே காரணமா என்று நமக்கு ஐயம். குடகின் காபித் தோட்டங்களிலும் இதுவே நிகழ்ந்தது. சில வகை நிலங்களில் நாட்டு மரங்களின் உரிமை அரசிடம் இருந்ததால், தோட்டக்காரர்கள் தமக்கே சொந்தமாகும் சில்வர் ஓக்கை நிழலுக்கு நட்டார்கள். பாதுகாப்பதற்காக இயற்றிய விதி, பாதுகாக்க வேண்டிய மரத்தையே நடவிடாமல் செய்தது.

2014 பிப்ரவரியில் இந்தியா தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. உலகிலேயே இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் நாடு நமது. வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் உள்ள கட்டுப்பாடுகள், கடனும் காப்பீடும் எளிதில் கிடைக்காமை ஆகியவற்றை அக்கொள்கையே தடைகளாகக் குறிப்பிடுகிறது. சில இனங்களுக்கு விதிகள் தளர்ந்துள்ளன. ஆயினும் நடும் முன்னரே, தம் மாநிலத்தில் அம்மரத்துக்கு விலக்கு உண்டா என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. நட்ட மரங்களைக் கர்நாடகத்தில் பஹணியிலும் தமிழ்நாட்டில் அடங்கலிலும் பதிவு செய்துவைத்தால், வெட்டும் காலத்தில் அலைச்சல் குறையும்.

பிழைத்த செடிக்குப் பணம்

நெடுங்காலமாக அரசுத் திட்டங்கள் வழங்கிய கன்றுகளை எண்ணின. எத்தனை பிழைத்தன என்பதை எண்ணியது குறைவு. கர்நாடக வனத்துறை 2011-12இல் தொடங்கிய கிருஷி அரண்ய புரோத்ஸாஹ யோஜனை இவ்வகையில் மாறுபட்டது. விவசாயி நாற்றங்காலில் குறைந்த விலைக்குக் கன்று வாங்கி நடுகிறார். முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் முடிவில் உயிரோடு உள்ள ஒவ்வொரு செடிக்கும் ஊக்கத்தொகை பெறுகிறார். தொடக்கத்தில் அது 10, 15, 20 என மூன்றாண்டுகளில் 45 ரூபாய். பின்னர் 30, 30, 40 என 100 ரூபாயாயிற்று. அதன் பிறகும் உயர்த்தப்பட்டது.

நம் தேவனஹள்ளி விவசாயியிடம் திரும்புவோம். அவருடைய 90 கன்றுகளில் 60 மட்டும் மூன்றாண்டுகளும் தாங்கி நின்றால், 100 ரூபாய்க் கணக்கில் 6,000 ரூபாய் கிடைக்கும். பெருந்தொகை ஒன்றுமில்லை. ஆனால் கன்று சாகும் அபாயம் மிகுந்த மூன்று கோடைகளில்தான் அந்தப் பணம் வருகிறது. அவர் ஒவ்வோர் ஆண்டும் தொடரலாமா என்று யோசிக்கும் அதே வேளையில், தொடருங்கள் என்று ஒரு சிறு கை முதுகில் தட்டுகிறது. நான்காம் ஆண்டு முதல் அறுவடை வரையிலான நீண்ட இடைவெளியில் அந்தக் கையும் இல்லை.

நிலமே மரத்துக்குப் போட்டி

பெங்களூருவைச் சுற்றி வேறெங்கும் இல்லாத ஒரு போட்டி உண்டு. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறக்கப்பட்ட பின் அப்பகுதியின் நிலம் மரத்தைவிட வேகமாக வளர்ந்தது. 12 ஆண்டுகளில் நிலத்தையே விற்றுவிடலாம் என்ற எண்ணம் உள்ளவர் பலா நடமாட்டார். விற்கும்வரை நிலம் சும்மா கிடக்காமலிருக்க எளிதான ஏதோ ஒரு மரத்தை நடுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் பசுமையாகவே தெரியும்.

2020இல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு, விவசாயி அல்லாதோரும் விளைநிலம் வாங்க வழி ஏற்பட்டது. அதன் பின் கால் ஏக்கர், அரை ஏக்கர் மனைகளில் சந்தனமும் மகாகனியும் நட்டு, பராமரித்து, பதினைந்து ஆண்டுகளில் கோடிகள் தருவதாகக் கூறும் விளம்பரங்கள் பெருகியுள்ளன. நம் வாடிக்கையாளர்கள் அவற்றைக் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. மேலே கண்ட விவசாயி மரக்கன்றுக் கடையின் முன் கேட்ட அதே கேள்விகளை அவர்களும் கேட்கட்டும். எத்தனை செடி பிழைத்தது என்று யார் எண்ணுவார்? காவலுக்கு யார் செலவிடுவார்? வெட்டும் ஆண்டில் விலை இன்றைய விலையாகவே இருக்கும் என்று எவர் உறுதி கூறினார்? விளம்பரத்தில் வளரும் மரத்துக்கு நோயும் இல்லை, வறட்சியும் இல்லை.

கிளையில் கேட்க வேண்டியவை

வங்கிகளின் பங்கையும் நேர்மையாகக் கூறிவிடுவோம். பயிர்க்கடன் எளிது. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியும், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால் 3 சதவீதச் சலுகையும் உண்டு. அது ஒரு பருவத்தில் முளைத்து ஒரு பருவத்தில் முடியும் கடன். மரத்துக்கு வேண்டியது, வருமானம் தொடங்கும்வரை தவணை கேட்காத நீண்டகாலக் கடன். பழத்தோட்டங்களுக்கு இத்தகைய கடன் வழக்கத்தில் உள்ளது. தடி மரங்களுக்கு வழங்கத் தயக்கம் இருப்பதை மறைப்பதற்கில்லை. 2 ஏக்கரில் வரப்பில் மரமும், நடுவே ஒட்டுமாவும், இடையே ராகியும், கொட்டிலில் இரு பசுக்களும் என்று ஒரே திட்டமாகக் கொண்டுவந்தால், திருப்பிச் செலுத்தும் வழி கடன் அலுவலருக்குத் தெளிவாகத் தெரியும். பசுவின் பாலில் தவணை கட்டி, மரத்தை அதன் காலம்வரை நிற்கவிடலாம். மரத்தை மட்டும் காட்டிக் கடன் கேட்பதைவிட இது பயனளிக்கும்.

தும்கூர் மாவட்டம் குப்பி வட்டத்தில் ஒரு தோட்டத்தில் ஒற்றைப் பலா மரம் நிற்கிறது. பழம் சிறியது, சராசரியாக இரண்டரைக் கிலோ. சுளை செம்பு நிறம். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் அதை ஆராய்ந்து, 'சித்து' என்று பெயரிட்டு, 2017இல் அதன் ஒட்டுக்கன்றுகளைப் பெருக்கி விற்க அத்தோட்டக்காரரோடு உடன்பாடு செய்துகொண்டனர். வருவாயில் 75 சதவீதம் அவருக்கு. மரத்துக்கு அப்போது வயது சுமார் 35. நட்டவர் அவருடைய தந்தை. ரகத்தின் பெயரும் அவருடைய பெயரிலிருந்து வந்ததே.